வெள்ளிக்கிழமைத் தூக்கம்

ஜூன் 3, செவ்வாய்

ஐந்தாம் வகுப்பில் கணக்கு நேரத்தில் தூங்கினேன் என்று வாத்தியார் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். அந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது ஐம்பத்து மூன்று வயதில், தூக்கம் வரவில்லை என்று திரும்பவும் ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

சமுதாயக் கூடத்தில் எட்டுச் செவ்வாய்க்கிழமை நடக்கப்போகிறது. மாசாமாசம் வருவது நின்றுபோன பெண்கள் பதினோரு பேர். ஆளுக்கொரு பாய். சொல்லிக்கொடுப்பது மெர்லின் டாக்டரம்மா. முப்பது வயதைத் தாண்டியிருக்காது. கண்ணுக்குக் கீழே ஒரு சுருக்கம் இல்லை. நன்றாகத் தூங்குகிற முகம். பார்த்ததும் எனக்கு லேசாக எரிந்தது.

மூச்சைக் கவனிக்கிற தியானம். மருந்து மாத்திரை இல்லை. ஒரு ஷீட்டு கொடுத்தார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று தினமும் காலையில் எழுத வேண்டும். ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம், தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. என் வாய் அதற்குள் அடங்காது. அதனால் கடையில் ஆர்டர் எழுதின பழைய நோட்டில் மிச்சத் தாளை எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

வந்த காரணத்தை எழுதிவிடுகிறேன். சாத்தூரில் எங்களுக்குச் சேவுக்கடை. என் வீட்டுக்காரரும் கொழுந்தன் சவுந்தரமும் முன்னால் நிறுத்துக் கொடுப்பார்கள். பின்னால் அடுப்பங்கரை. இருபத்தாறு வருஷமாக எண்ணெய்ச்சட்டி முன்னால் உட்கார்ந்து சேவு தேய்த்தது நான். சித்திரையில் ஒரு நாள், பட்டப்பகல் பதினொரு மணிக்கு, துளைத்தட்டில் மாவைத் தேய்த்தபடியே கண் செருகிவிட்டது. இடது முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு எண்ணெய். புண் ஆறிவிட்டது. சட்டிதான் போய்விட்டது.

“மதினி, தூக்கம் சரியானாத்தான் சட்டி. டாக்டரம்மா வாயால சொல்லட்டும், மறுநாளே உக்காருங்க,” என்றார் சவுந்தரம்.

இப்போது சட்டியில் இருப்பது அவர் பெண்டாட்டி ராஜகனி, என் ஓரகத்தி. அவள் மடித்துக்கொண்டிருந்த பொட்டலத்தை நான் மடிக்கிறேன். தனக்கும் சில நாள் தூக்கம் சரியாக வருவதில்லை என்று அவளும் இந்த வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். “உங்களுக்கும் துணையா இருக்கும்லக்கா” என்றாள். சட்டிக்குத் துணை போனது போதாது என்று வகுப்புக்கும் துணை.

தூக்கம்: இரண்டரை மணி நேரம்.

ஜூன் 4, புதன்

ஒரு உண்மை தெரிந்தது. இரண்டு வருஷமாகத் திடீர் திடீரென்று கழுத்திலிருந்து உச்சந்தலை வரை நெருப்பு ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். அடுப்புச் சூடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பொட்டலம் மடிக்கிற மூலையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன், அதே நெருப்பு. அடுப்பு எனக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

“நெருப்புக் கோழி மாதிரி நான் நெருப்பு மதினி,” என்று சவுந்தரத்திடம் சொன்னேன். “கரண்டு போனா என்னைய வச்சே சேவு பொரிக்கலாம்.”

அவர் சிரித்தார். ராஜகனியும் சிரித்தாள். அவள் திரும்பாமல் சிரித்தாள். சட்டியில் இருப்பவர்கள் திரும்பக் கூடாது.

தூக்கம்: மூன்று. இடையில் இரண்டு தடவை தண்ணீர்.

ஜூன் 6, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் வந்தார். வாரம் இரண்டு கிலோ எடுப்பவர். ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிட்டு, “இந்த வாரம் சேவு என்னமா மொறுமொறுன்னு இருக்கு” என்றார்.

நான் மடித்துக் கொடுத்த பொட்டலத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாம் வகுப்பு. ஆளுக்கு ஒரே ஒரு உலர்ந்த திராட்சை கொடுத்து, அதைப் பத்து நிமிஷம் தின்னச் சொன்னார்கள். பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைத்து உருட்ட வேண்டும். “எங்க கடைக்கு இப்படித் தின்கிற ஆள் நாலு பேர் வந்தா இழுத்து மூட வேண்டியதுதான் டாக்டரம்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது போதும். அதுவரை வகுப்பு என் கையில் இருந்தது.

பிறகு மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். கால் பெருவிரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முட்டி என்று ஒவ்வொரு இடமாக மனதைக் கொண்டுபோக வேண்டும். தலை வரை வர அரை மணி நேரம். நான் கணுக்காலில் இருந்தேன். பக்கத்துப் பாயில் குறட்டை.

ராஜகனி.

முட்டிகூட வரவில்லை. வாயை லேசாகத் திறந்து, சின்னப்பிள்ளை மாதிரி. பத்துப் பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். கல்யாண வீட்டில் அடுத்தவள் கழுத்துச் சங்கிலியைப் பார்க்கிற பார்வை அது. டாக்டரம்மா உதட்டில் விரல் வைத்து எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு குறட்டைக்காக என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வருகிற வழியில், “கண்ண மூடுனதுதான் தெரியும்க்கா,” என்றாள்.

“அதுக்கப்புறம் எங்களுக்குத் தெரிஞ்சுது” என்றேன்.

எனக்குப் பொறாமை எல்லாம் கிடையாது. தூங்குகிறவள் தூங்கட்டும். எங்கள் வீட்டுக்காரர் தலையணையைக் கண்டாலே தூங்குவார். அவரோடு முப்பத்தோரு வருஷம் இருக்கிறேன், அவர் மேல் பொறாமைப்பட்டேனா என்ன. போன வாரம் ஒரு நாள் முழங்கையால் இடித்தேன், அது தெரியாமல் பட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று டாக்டரம்மா சொன்னது: “படுத்ததும் எண்ணங்கள் வரும். விரட்டாதீங்க. வீட்டுக்கு விருந்தாளி வர்ற மாதிரின்னு வச்சுக்கோங்க. வரட்டும், இருக்கட்டும், போகட்டும்.”

இது எனக்குச் சுலபமாகத்தான் பட்டது. விருந்தாளி விஷயத்தில் எங்கள் வீட்டை யாரும் குறை சொன்னது இல்லை.

இன்னொன்று. எல்லோர் ஷீட்டையும் டாக்டரம்மா பார்த்தார். ராஜகனி ஆறு மணி நேரம். பெண்கள் கை தட்டினார்கள். என் ஷீட்டைப் பார்த்து, “பரவால்லம்மா, மெதுவா வரும்” என்றார். பரவாயில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கருகின சேவைக் கொடுத்துவிட்டு நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஜூன் 18, புதன்

விருந்தாளி முறை உருப்படவில்லை.

முதலில் வந்தது, பதினைந்து வருஷத்துக்கு முன் என் நாத்தனார் காதுகுத்து வீட்டில் என்னைப் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டது. வந்ததைச் சும்மா அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. உட்கார வைத்தேன், காபி போட்டுக் கொடுத்தேன், என்ன ஏது என்று விசாரித்தேன், பழைய கதை எல்லாம் பேசினோம். ஒரு மணி நேரம் ஆனது. கிளம்பும்போது “போயிட்டு வாரேன்” என்றது. அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்வது கிடையாது, அபசகுனம். போயிட்டு வாரேன் என்றுதான் சொல்வோம். அப்படிச் சொல்லிவிட்டுப் போனது வராமல் இருக்குமா? அரை மணியில் வந்தது. கூடவே துணைக்கு இரண்டு.

கடைசியாக வந்தவள் ராஜகனி. எண்ணெய் வாடையோடு, கையில் என் துளைத்தட்டோடு வந்தாள். அவளை நான் கூப்பிடவே இல்லை. விடிகிற வரை போகவும் இல்லை.

தூக்கம்: ஒன்றே முக்கால்.

ஜூன் 24, செவ்வாய்

வகுப்பில் இதைச் சொன்னேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்.

“யாரும்மா உங்களைக் காபி போடச் சொன்னது?”

“காபி குடுக்காம எப்படி அனுப்ப டாக்டரம்மா? நாளைக்கு ஊருல என்ன பேசுவாக?”

“சரி, இப்படி வச்சுக்கோங்க. நீங்க அந்த வீட்டுக்காரங்க இல்ல. எதிர்வீட்டுக்காரங்க. அங்க யாரோ வர்றாங்க, யாரோ போறாங்க. நீங்க சும்மா பாக்கறீங்க.”

எதிர்வீட்டுக்கு யார் வந்தாலும் சும்மா பார்க்கிற ஆளா நான். அதையும் சொன்னேன். அப்புறம் டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து பாயில் உட்கார்ந்து, மூச்சைக் கவனித்தால் என்ன ஆகிறது என்று கேட்டார். மூச்சு ஒரே மாதிரி வருகிறது, போகிறது, அதில் கவனிக்க ஒன்றும் இல்லை, அலுப்பாக இருக்கிறது என்றேன்.

“அலுக்காம நீங்க கவனிக்கிற சத்தம் ஏதாவது இருக்கா?”

யோசிக்கவே வேண்டியதில்லை. எண்ணெய்.

மாவு விழுந்ததும் சட்டி சடசடவென்று கத்தும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தல் குறைந்து, மழை விட்ட மாதிரி ஆகும். அந்தச் சத்தம் அடங்குகிற இடத்தில் அரிகரண்டியைப் போட்டு எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் பச்சை, பின்னால் எடுத்தால் கசப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நான் ஊரையே கேலி பேசிக்கொண்டு இருந்தாலும் என் காது அங்கேதான் இருக்கும்.

“நீங்க இருபத்தாறு வருஷமா தியானம் பண்ணியிருக்கீங்க. அதையே பண்ணுங்க,” என்றார்.

ராஜகனியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 25, புதன்

மனதுக்குள் சட்டி வைத்தேன். மூன்றேகால்.

ஷீட்டில் ஆறேகால் என்று எழுதினேன்.

ஏன் என்றால், ராஜகனியின் ஷீட்டு அடுப்பங்கரைக் காலண்டருக்குப் பின்னால் செருகி இருந்தது. காலண்டரில் தேதி பார்க்கப் போனவளுக்குக் கண்ணில் பட்டது. ஆறு என்று போட்டிருந்தாள். என் கை தானாகக் கால் மணி நேரம் கூட்டிப் போட்டது. மூத்தவள் நான். கால் மணி நேரமாவது கூட இருக்க வேண்டாமா?

ஜூன் 28, சனி

அவள் ஐந்தே முக்கால். நான் ஆறு.

இட்லிக்கு உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன். மத்தியானம் தராசுப் பக்கத்திலேயே நின்றபடி கண்ணயர்ந்து ஒரு வாடிக்கையாளர் மேல் சாய்ந்தேன். அவர் நல்ல மனிதர், அத்தை என்றார்.

ஜூலை 2, புதன்

வழக்கம்போலக் காலண்டர் பக்கம் போய் அவளுடையதைப் பார்த்துப் பார்த்து என் ஷீட்டில் கால் கால் மணி நேரம் கூட்டி எழுதிக்கொண்டு வந்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. எழுதி முடித்துப் பேனா மூடியை மாட்டும்போதுதான் கை நின்றது.

இன்றைக்குப் புதன்.

வெள்ளிக்கிழமைத் தூக்கத்தை அவள் இன்றைக்கே எழுதி வைத்திருக்கிறாள். ஆறரை மணி நேரம். திங்கள் வரை எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிப்புக்கூடப் போட்டிருக்கிறாள்: ‘நல்ல தூக்கம், கனவு இல்லை.’

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பிடித்துவிட்டேன் உன்னை. டாக்டரம்மாவிடம் இந்தத் தாளைக் காட்டினால் போதும், சட்டி திரும்ப என் முன்னால் வந்துவிடும்.

அப்புறம் என் தாளைப் பார்த்தேன். என் வெள்ளிக்கிழமை ஆறே முக்கால் என்று இருந்தது.

ஜூலை 4, வெள்ளி

காலையில் கேட்டேன். “என்ன புள்ள, ராத்திரித் தூக்கம் எப்படி?”

“நல்லாத் தூங்குனேன்க்கா. ஆறரை மணி நேரம் இருக்கும்.”

சொன்ன வாக்குத் தவறாத தூக்கம்.

அவள் கண் சிவந்திருந்தது. மிளகாய்ப் பொடி நெடி என்றாள். மிளகாய்ப் பொடி இன்னும் டப்பாவைவிட்டு வெளியே வரவில்லை.

இன்று டீக்கடைக்காரர் திரும்ப வந்தார். மொறுமொறுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதில் சந்தோஷம் என்று எழுத மாட்டேன்.

தூக்கம்: நான்கு. நிஜமாகவே நான்கு. எண்ணெய்ச் சத்தம் கேட்டுக்கொண்டே போய்விட்டேன். இதை ஷீட்டில் எழுத இடமில்லை, அங்கே ஏற்கனவே ஆறே முக்கால் இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டரம்மா எங்கள் ஷீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் ஒண்ணாவே தூங்கறீங்க, கால் மணி நேரம்தான் வித்தியாசம். ஒரே வீடா?”

“வேற வேற வீடுதான் டாக்டரம்மா. தூக்கம் மட்டும் ஒரே லைன்ல வருது” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ராஜகனி சிரிக்கவில்லை. அவள் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா என் தோளைத் தட்டி, “இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா, கடைசி நாள் உங்க கொழுந்தனை வரச் சொல்லுங்க. நானே சொல்றேன்” என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். இன்று மத்தியானம் சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை. ஆட்டோவில் வரும்போது முழங்கைத் தழும்பு அரித்தது.

ஜூலை 12, சனி

ஆடி பிறக்கப் போகிறது. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். ஆர்டர் குவிந்து கிடக்கிறது.

பொட்டல மூலையில் உட்கார்ந்தால் அவள் முதுகுதான் தெரியும், சட்டி மறைந்துவிடும். அதனால் அவள் கையைப் பார்க்க முடியாது. கேட்கலாம். ஒரு தடவை தேய்த்து எடுப்பது ஒரு ஈடு, ஒவ்வொன்றையும் கேட்கிறேன். இரண்டாவது ஈடு அவசரமாக எடுத்தாள். ஐந்தாவது தாமதம். எட்டாவது ரொம்பத் தாமதம். ஒவ்வொன்றுக்கும் பொட்டலத் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். இருபது கோடு சேர்ந்ததும் சவுந்தரத்திடம் காட்டலாம் என்று.

தியானம்தான் செய்கிறேன். டாக்டரம்மாவே செய்யச் சொன்னது.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்பில் ராஜகனியிடமிருந்து இன்று குறட்டை இல்லை. கண்ணை மூடியிருந்தாள். இமைக்கு அடியில் விழி ஓடிக்கொண்டே இருந்தது. நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் இதைப் பார்த்தேன்.

ஜூலை 16, புதன்

அவசரமாக எழுதுகிறேன். கோணலாக வரும், பரவாயில்லை.

காலை ஐந்து மணிக்கே அடுப்பு பற்றவைத்தோம். பதினொரு மணிக்குள் இருபத்திரண்டு ஈடு. நான் மடித்துக்கொண்டே கேட்டேன். மாவு விழுந்தது, சட்டி கத்தியது. கத்தல் இறங்கியது. மழை விட்டது. இப்போது அரிகரண்டிச் சத்தம் வர வேண்டும்.

வரவில்லை.

சரி, பத்தொன்பதாவது கோடு என்று பென்சிலை எடுத்தேன். கோடு போட்டேன். அப்போதும் வரவில்லை. மழை விட்டபின் ஒரு அமைதி உண்டு, அதுவும் தாண்டி எண்ணெய் மெல்ல ஒரு சீறல் போடும், கருகப்போகிறது என்று. அது சீறியது. அந்தச் சத்தத்தை என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கேட்காமல் விட்டிருக்கிறேன். சித்திரையில்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. தாள் கட்டு காலில் தட்டிச் சரிந்தது. ராஜகனி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், கண் பாதி திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. தட்டைப் பிடித்த கை மெதுவாக, யாரோ தள்ளுவது போல, சட்டிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மாவுச்சட்டி மேல் விழுந்தோம். துளைத்தட்டு மட்டும் எண்ணெய்க்குள் போனது.

அவள் விழித்துப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். என் தழும்பைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். உடம்பு முழுக்க அந்த உள் அடுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கும் ஏறியது, முகம் செம்பு மாதிரி. என் தாள் விசிறியை எடுத்து எனக்கு ஒரு வீச்சு, அவளுக்கு ஒரு வீச்சு என்று வீசினேன்.

“எத்தனை நாளாத் தூங்கல?”

“வகுப்புல சேந்ததுக்கு முன்னாலருந்தே. ரெண்டு மணி நேரம், ரெண்டரை. அதுக்கு மேல ஒரு நாளும் இல்ல.”

“குறட்டை?”

“சும்மா போட்டேன்.”

“அருமையா இருந்துச்சு. என்னைய எல்லாம் எரிய வச்சிட்ட.”

அவள் சிரிக்கவில்லை. “தூங்கலன்னு தெரிஞ்சா என்னையவும் எந்திரிக்கச் சொல்லிருவாகல்லா. இருபத்தாறு வருசமாப் பொட்டலம் மடிச்சேன்க்கா. நீங்க சட்டி முன்னால உக்காந்து பேசுவீக, கடையே சிரிக்கும். வாரவுக எல்லாரும் உள்ள எட்டிப் பாத்து உங்களக் கேப்பாக. நான் அந்த மூலையில உக்காந்து உங்க முதுகப் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் ஆசை இருக்காதா?”

அந்த மூலையில் இரண்டு மாதம் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் இருபத்தாறு வருஷம். என் முதுகு இவ்வளவு பேச்சுக்கு இடம் கொடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

“வெள்ளிக்கிழமைத் தூக்கத்தப் புதன்கிழமையே எழுதுறியே, அதுக்கு எந்த ஊரு ஜோசியக்காரன்ட்டப் போன?” என்று கேட்டேன்.

அவள் கண் விரிந்தது. பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அத விடுங்க. அதப் பாத்து நீங்க கால் மணி நேரம் கூட்டிப் போட்டிருக்கீக.”

கருகின வாடை முன்னால் போய்விட்டது. சவுந்தரம் உள்ளே வந்தார். கறுத்துப்போன ஈட்டைப் பார்த்தார், தரையில் மாவைப் பார்த்தார். “யாரு வேலை இது?”

இங்கேதான் நான் யோசித்தேன். இரண்டு மூச்சு நேரம் இருக்கும். அவள் தூங்கிவிட்டாள் என்று நான் சொல்ல வேண்டியதுதான். சட்டி எனக்கு. அடுத்த செவ்வாய் டாக்டரம்மாவும் சொல்லிவிடுவார். நாளைக்கு ஆடி ஒன்று, நான் அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பேன், நான்கு மணி நேரத் தூக்கத்தோடு. தழும்பு ஒரு சாணிலிருந்து எத்தனை சாண் ஆகும்?

“நாந்தான் தம்பி. கேலி பேசி அவ கவனத்தக் கலச்சிட்டேன்” என்றேன்.

“மதினி, உங்க வாய அடுப்பங்கரையில வைக்காதீக” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்பினார். என்னைப் பற்றி அதை யாரும் நம்புவார்கள்.

மீதி ஈடுகளை, அவள் தேய்த்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்டு “எடு” என்றேன். பிறகு மாற்றிக்கொண்டோம். பொட்டலம் குவிந்து கிடந்தது, யாரும் மடிக்கவில்லை.

பதினெட்டுக் கோடும், அந்தப் பத்தொன்பதாவதும் போட்ட தாளில் அரைக்கிலோ கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. மூச்சுவிட நேரமில்லை. தூக்கம் மூன்றரை. ஷீட்டில் மூன்றரை.

ஜூலை 18, வெள்ளி

அவள் இரண்டே முக்கால். எழுதும்போது என் முகத்தையே பார்த்தாள். நான் நான்கு. அதை எழுதும்போது நானும் அவள் முகத்தைப் பார்த்தேன். நிஜத்தில் அவளைவிட ஒன்றேகால் மணி நேரம் கூடத் தூங்கியிருக்கிறேன். பொய்யில் கால் மணி நேரம்தான் கூட்டினேன். இதற்கு முதலிலேயே உண்மையை எழுதியிருக்கலாம்.

எண்ணெய்ச் சத்தத்தை எப்படிக் கேட்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். முழுக்க இல்லை. கொஞ்சம் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

அந்தக் கொஞ்சத்தையும் சொல்லிவிட்டேன். வயிறு உப்பின மாதிரி இருந்தது, வைத்திருக்க முடியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடைசி வகுப்பு. சவுந்தரம் வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பதினோரு பெண்கள் நடுவில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா இந்த வார ஷீட்டுகளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. “என்னம்மா ஆச்சு? ரெண்டு பேருக்கும் திடீர்னு இறங்கிடுச்சே.”

“இறங்கல டாக்டரம்மா. இதுதான் இருந்துச்சு. முன்னால எழுதுனது நாங்க தூங்க ஆசப்பட்டது” என்றேன்.

ராஜகனி எழுந்து, குறட்டை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். மற்ற ஒன்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடைசி வரிசைக்காரி ஒருத்தி மெல்ல, “நானும் ஒரு மணி நேரம் கூட்டித்தான் போட்டேன்” என்றாள். பிறகு இன்னொருத்தி. டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் என் முதல் வாரத் தாளையும் இந்த வாரத் தாளையும் எடுத்துப் பார்த்தார். “சரி. மொதல்ல ரெண்டரை, இப்ப நாலு. இது நிஜம்னா சின்ன விஷயம் இல்லம்மா. ஆறே முக்கால்னு எழுதியிருந்தப்ப எனக்கு ஒண்ணுமே புரியல. இப்பப் புரியுது.”

சவுந்தரத்துக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. “அப்ப ரெண்டு பேரும் சட்டிப் பக்கமே வரக்கூடாது.”

“சரி தம்பி, யாரு தேய்ப்பா? நீங்களா?” என்றேன். முன்பு அவர் ஒரு தடவை தேய்த்திருக்கிறார். சேவு ஒவ்வொன்றும் மண்புழு மாதிரி இருந்தது என்று ஊரே பேசியது.

அவர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். அப்போது நான் சொன்னேன். ஒருத்தி தேய்க்க, ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் கேட்க. மணிக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ள. முதல்நாள் ராத்திரி மூன்று மணி நேரம்கூடத் தூங்காதவள் அன்றைக்குத் தேய்க்கக் கூடாது, கேட்க மட்டும்தான். காலையில் ஷீட்டைப் பார்த்துத்தான் யார் எங்கே என்று முடிவு.

“பொய் எழுதுனா?” என்றார் சவுந்தரம்.

“பக்கத்துல உக்காந்திருக்கிறவ கையும் சேந்துதான தம்பி போகும்” என்றாள் ராஜகனி. தன் வீட்டுக்காரரையே தம்பி என்று கூப்பிட்டுவிட்டாள், என் வாய் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கூடமே சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

“பொட்டலம்?” என்றார் அவர் கடைசியாக.

“நீங்களும் உங்க அண்ணனும் மடிங்க. மின்விசிறிக்குக் கீழதான், நல்லாக் காத்து வரும்.”

ஜூலை 23, புதன்

டாக்டரம்மா ஆளுக்கொரு கட்டு வெற்று ஷீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டையும் காலண்டருக்குப் பின்னால் ஒன்றாகச் செருகி வைத்திருக்கிறோம்.

ராத்திரி அவள் வந்தாள், எண்ணத்தில்தான். துளைத்தட்டோடு வாசலில் நின்றாள். நான் காபி போடவில்லை. உள்ளே எண்ணெய்ச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “போயிட்டு வாரேன்க்கா” என்றாள். வருவாள். வரட்டும்.

தூக்கம்: எனக்கு நான்கரை. அவளுக்கு மூன்று. அதனால் இன்று முதலில் தேய்த்தது நான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீக?” என்றார். “இவ தூங்கிறாம நான் பாத்துக்கிடுதேன், நான் பேசிக்கிட்டே இருக்காம இவ பாத்துக்கிடுதா” என்றேன். ராஜகனி என்னைத் திரும்பிப் பார்க்காமல், “எடுங்கக்கா” என்றாள். சரியான இடம். ஒரு நொடி பிசகவில்லை. இவ்வளவு சீக்கிரம் பிடிபட வேண்டியதில்லை அவளுக்கு.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபிறகு காலண்டரைத் தூக்கி ஷீட்டுகளை எடுத்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அவள் கட்டத்தில் ஆறு மணி நேரம் என்று ஆசைக்கு, பிறகு அழிக்கத் தோதாகப் பென்சிலால், எழுதி வைத்தேன். குறிப்பில், ‘நல்ல தூக்கம், கனவு இல்லை.’

என் கட்டத்தில் ஆறேகால்.